பேனர் உள்ள பள்ளியா, இலக்கு எழுதி வைத்த மாவட்டமா? வெள்ளிக்கிழமை லீஸ், அவசரம்!

நொய்யல்கரை:
வணக்கம். கோவையிலிருந்து அமெரிக்கா வந்து பதினோரு நாள் ஆகிறது. கம்பெனி கொடுத்த ஹோட்டல் அறை ஞாயிறோடு முடிகிறது. இரண்டு அபார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறோம். இங்கே வீட்டு விலாசத்தை வைத்துத்தான் பள்ளியாம். முதலாவதற்கு உரிய பள்ளியின் வேலியில் ‘டிஸ்டிங்விஷ்ட் ஸ்கூல்’ என்று ஒரு பேனர், பக்கத்தில் ‘ப்ளூ ரிப்பன்’ என்று இன்னொன்று. இரண்டாவது வேறு பள்ளி மாவட்டம், அதாவது பள்ளிகளை நடத்தும் வேறொரு உள்ளூர் நிர்வாகம். வாடகை 600 டாலர் குறைவு. பேனர் எதுவும் இல்லை. ஆனால் மாவட்டத்தின் இலக்கு 1, இலக்கு 2 என்று நாற்பது ஐம்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரிகிறது. எதை நம்புவது? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

சான்_ஹோசே_வாசி:
சிஸ்டர், எந்த ஊர்? எத்தனை பிள்ளைகள், என்ன வயசு? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பேனரைப் பார்த்தால் கலிபோர்னியா போல இருக்கிறது.

ஃப்ரீமான்ட்_தாத்தா:
வாடகைக்குப் போகாதே அம்மா, வீடு வாங்கு. 1999-இல் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு பெட்டியோடு வந்தேன். நான்கு பேர் ஒரு அறை, ஒரே குக்கர். அப்போதே வாங்கு என்று ஒருத்தன் சொன்னான். கேட்காமல் விட்டு ஆறு வருஷம் வாடகை கட்டினேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மதுரை_மல்லி:
தாத்தா, அவர் வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, கிரெடிட் ஸ்கோரே இருக்காது. சிஸ்டர், யோசிக்காமல் பேனர் பள்ளிக்கே போங்கள். இணையத்தில் பள்ளிக்குக் கொடுக்கும் மதிப்பெண் பத்துக்கு ஒன்பதுக்குக் கீழே இருந்தால் பார்க்கவே பார்க்காதீர்கள். இன்னொன்று: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள். இங்கிலீஷ் என்று போட்டுவிடுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் உட்கார வைப்பார்கள்.

ரெண்டுவாண்டு_அம்மா:
தயவுசெய்து அப்படிப் பொய் எழுதாதீர்கள். அந்தப் படிவத்தில் நான்கு கேள்வி. முதல் மூன்றில் ஒன்றுக்காவது வேறு மொழியைச் சொன்னால், சேர்ந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். என் பெரியவள் அதில் நன்றாகவே செய்தாள், ‘ஆங்கிலம் சரளம்’ என்று கடிதம் வந்தது, கதை முடிந்தது. சின்னவன் தேறவில்லை. தினமும் அரை மணி நேரம் கூடுதல் பயிற்சி கிடைத்தது, இரண்டு வருஷத்தில் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டான். தனி வகுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

மதுரை_மல்லி:
உங்களுக்கு நல்ல டீச்சர் அமைந்தது. எங்களுக்கு அமையவில்லை.

ஸ்கார்பரோ_சனம்:
தங்கச்சி, நாங்கள் பெப்ரவரி மாதம் டொரொன்டோவில் வந்து இறங்கினோம். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்ட சப்பாத்து பனியில் ஊறி, பள்ளிக்கூட வாசலில் நின்று இரண்டு பேரும் அழுதார்கள். பேனரைப் பார்க்கிற காலமே அது? விலாசம் எந்தப் பள்ளிக்கு உரியதோ அங்கே சேர்த்தோம். இப்ப இரண்டு பேரும் வேலைக்குப் போகினம். முதலில் நல்ல சப்பாத்து வாங்குங்கோ.

சான்_ஹோசே_வாசி:
அண்ணே, அவர் இருப்பது கலிபோர்னியா, ஜூலை மாதம்.

ஃப்ரீமான்ட்_தாத்தா:
பள்ளிக்கூடம் என்ற பேரில் இங்கே நடப்பது எல்லாம் கூத்து. ஒரு நாள் பைஜாமா போட்டு வா, ஒரு நாள் தலைமுடியை விறைப்பாக நிற்க வைத்து வா. பேத்தியிடம் வாய்ப்பாடு கேட்டால் பன்னிரண்டுக்கு மேல் வாயே திறப்பதில்லை.

ரெண்டுவாண்டு_அம்மா:
மதியச் சாப்பாடு இலவசம் என்று சந்தோஷப்பட்டேன். வாரத்தில் மூன்று நாள் பீட்சா. வீட்டுக்கு வந்து ரசம் சோற்றைப் பார்த்து மூஞ்சியைத் திருப்புகிறான்.

மதுரை_மல்லி:
அதை விடுங்கள், போன டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் மூன்றரை வாரம் இருந்தோம். திரும்பி வந்தால் ‘ட்ரூவன்ட்’ என்று கடிதம். பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளையாம். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் காட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ‘பியூட்டிஃபுல்’ என்றார், கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நொய்யல்கரை:
மன்னிக்கவும், பதற்றத்தில் விவரம் எழுத விட்டுவிட்டேன். கலிபோர்னியாதான், சான் பிரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியா. மகளுக்கு ஜூன் மாதம் ஒன்பது முடிந்தது, ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தாள். மகன் இப்போதுதான் யுகேஜி முடித்தான், செப்டம்பர் 9-ஆம் தேதி ஐந்து வயது நிரம்புகிறது. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் இருந்தால் நல்லது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

சான்_ஹோசே_வாசி:
இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் மகன். இங்கே கிண்டர்கார்ட்டனுக்கு செப்டம்பர் 1-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும். எட்டு நாளில் தவறுகிறார். அதனால் அதற்கு முந்தைய டிரான்சிஷனல் கிண்டர்கார்ட்டனில் போடுவார்கள், சுருக்கமாக டிகே. யுகேஜி முடித்த சான்றிதழைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். மகள் வயசுப்படி நான்காம் வகுப்பு. டிகே எல்லாப் பள்ளியிலும் இருக்காது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேனர். டிஸ்டிங்விஷ்ட் என்பது மாநிலம் தருவது, தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு வருஷம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு அடுத்த வருஷம் என்று மாறி மாறி. பேனரின் மூலையில் சின்ன எழுத்தில் வருஷம் இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். ப்ளூ ரிப்பன் மத்திய அரசு 1982-இல் தொடங்கியது. 2025-இல் அதை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். கொடுப்பதை நிறுத்திய பிறகும் வேலியில் கட்டியதை யாரும் அவிழ்க்கப்போவதில்லை. பொய்யான விருது என்று சொல்லவில்லை. அன்று இருந்த பிள்ளைகளின் மார்க்குக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நானும் பேனரைப் பார்த்துத்தான் லீஸ் போட்டேன். அந்தப் பள்ளியில் மகளுடைய வகுப்பு நிரம்பிவிட்டது என்று மூன்று மைல் தள்ளி வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஓவர்ஃப்ளோ என்பார்கள். ஒரு வருஷம் முழுக்க தினமும் காலையில் அந்தப் பேனரைத் தாண்டித்தான் கார் ஓட்டினேன். ஒரு பக்கக் கயிறு அறுந்து காற்றில் படபட என்று அடித்துக்கொண்டே இருக்கும். எதற்கு வாடகை கூடக் கொடுத்தோம் என்று என்னைக் கேட்பது போலவே இருக்கும்.

இனி அந்த நாற்பது ஐம்பது பக்கம். அதன் பெயர் எல்கேப். 2013-இல் பள்ளி நிதிச் சட்டம் மாறியபோது வந்தது. மூன்று வருஷத் திட்டம், வருஷா வருஷம் திருத்தி ஜூலை 1-க்குள் மாவட்டத்தின் போர்டு நிறைவேற்ற வேண்டும். எல்லா மாவட்டமும் எழுதியாக வேண்டியது, பேனர் பள்ளியின் மாவட்டமும் எழுதியிருக்கும், தேடினால் கிடைக்கும். ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெற’ என்ற வரிகளைத் தாண்டிப் போங்கள். ஒவ்வொரு இலக்குக்கும் கீழே அட்டவணை இருக்கும், எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கும் வரும் கூடுதல் பணத்தை எதில் போடுகிறார்கள் என்று அங்கேதான் தெரியும். உங்கள் மகள் எல்பேக்கில் தேறாவிட்டால் அவளுக்கு வேண்டியது அந்த வரிகள்தான். அப்புறம் மாநிலத்தின் டாஷ்போர்டு என்ற இணையதளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டுப் பாருங்கள், சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறம். மொத்த மார்க்கை விட்டுவிட்டு, ஆங்கிலம் கற்பவர்களின் முன்னேற்றம் என்ன நிறம் என்று மட்டும் பாருங்கள்.

மல்லி சொன்ன கல்யாணக் கடிதமும் இந்த இலக்கில் வருவதுதான். பத்தில் ஒரு பங்கு நாள் வராத பிள்ளையைத் தனியாகக் கணக்கெடுப்பார்கள், 180 நாளில் 18. அதைக் குறைப்பதை இலக்காகவே வைத்திருக்கும் மாவட்டங்கள் நிறைய. பணமும் தினசரி வருகைச் சராசரியை வைத்துத்தான் வருகிறது. ஊருக்குப் போகும் முன்பே ‘இண்டிபெண்டன்ட் ஸ்டடி’, அதாவது பள்ளிக்கு வராமலே பாடம் படிக்கும் ஏற்பாடு, தர முடியுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கும் நாளை காலை எட்டு மணிக்குப் போன் செய்யுங்கள். பள்ளி ஆபீஸ் கோடையில் மூடியிருக்கும், மாவட்ட ஆபீஸ் இருக்கும். அபார்ட்மெண்ட் விலாசத்தைச் சொல்லி, நான்காம் வகுப்பில் இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள், டிகே எந்தப் பள்ளியில், பஸ் உண்டா என்று கேளுங்கள்.

ரெண்டுவாண்டு_அம்மா:
தடுப்பூசி அட்டையையும் இன்றே எடுத்து வையுங்கள். ஒன்பது மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) இரண்டு வேண்டும். சின்னம்மைக்கும் இரண்டு. சில கவுன்ட்டிகளில் காசநோய்ப் படிவமும் கேட்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள், தோலில் ஊசி போட்டுப் பார்த்தால் நோய் இல்லாமலே வீங்கக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. வீங்கிய கையோடு எக்ஸ்ரே எடுக்க அலைந்தேன்.

நொய்யல்கரை:
போன் செய்தேன். பேனர் பள்ளியில் நான்காம் வகுப்பு நிரம்பிவிட்டதாம், எங்கே அனுப்புவோம் என்று ஆகஸ்டில்தான் சொல்வார்களாம். பஸ் கிடையாது. மற்ற மாவட்டத்தில் மகளுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளியில் டிகே இல்லை, மகன் வேறு பள்ளி. அங்கேயும் பஸ் இல்லை. அங்கே பேசிய அம்மா பொறுமையாக இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். அதற்கே கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வீட்டுக்கே கையெழுத்துப் போடுகிறோம்.

சான்_ஹோசே_வாசி:
இரண்டு பள்ளிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பெல் எத்தனை மணிக்கு?

நொய்யல்கரை:
முக்கால் மைல். அவளுக்கு 8:10, இவனுக்கு 8:35.

ஃப்ரீமான்ட்_தாத்தா:
இருபத்தைந்து நிமிஷம். தாராளமாக நடக்கலாம் அம்மா. நான் தினமும் அதை விட அதிகம் நடக்கிறேன்.

மதுரை_மல்லி:
அவனை நடக்க வைத்தால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். என் பையன் ஓட்டிய கிக் ஸ்கூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, ஹெல்மெட்டோடு. எந்த ஊர் என்று இன்னும் நீங்கள் சொல்லவே இல்லை.