முதல் வேலையில் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்: திருகோணமலைப் பிள்ளைகள் எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்

நானே தொடங்குகிறேன். 2019 ஏப்ரல் முதலாம் திகதி உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். ஹவுஸ்கீப்பிங். ஏப்ரலில் ஆள் எடுத்தால் செப்டம்பர் வரைக்கும் ஓடும், ஒக்டோபர் மழையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. அம்மா சீட்டுக் காசில் இரண்டு வெள்ளைச் சேர்ட் வாங்கித் தந்தார்.

21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலையில் ஒரு அறையில் துவாயை அன்னம் மாதிரி மடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பழகவே எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. கழுத்து நிற்காது, சரிந்து விழும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேராக நின்றது. யாருக்காவது காட்ட வேண்டும் என்று நினைக்கும்போது அறைக்காரர் இருவரும் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலில் அன்னத்துக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து உடுப்பை அள்ளிப் போட்டார்கள். அன்னம் சரிந்தது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டு வெடித்தது அப்போது எனக்குத் தெரியாது.

நாலு நாளில் ஹோட்டல் காலி. மெனேஜர் எங்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, "நிலைமை சரியானதும் கோல் பண்ணுவோம் தம்பிமார்" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், அவருடைய குரலும் அடைத்துத்தான் இருந்தது. பெயர்ப் பட்டியை மட்டும் திருப்பிக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வரும்போது பார்க்கிறேன், பொக்கற்றுக்கு மேலே ஊசி குத்திய இரண்டு ஓட்டை. அம்மாவின் கண் நேராக அங்கேதான் போனது.

அந்த 25 நாளுக்கும் என்னிடம் ஒரு துண்டுக் கடிதம் இல்லை. அடுத்த இடத்தில் "அனுபவம் இருக்கா?" என்றார்கள். இருக்கு என்றேன். காட்டச் சொன்னார்கள். அதுதான் இன்னும் குடைந்துகொண்டே இருக்கிறது.

கிண்ணியா நாநா

தம்பி எழுதியதைப் பார்த்ததும் என்னுடையது ஞாபகம் வந்தது. 2008. பாலம் இல்லாத காலம், பாதை என்கிற மிதவையில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். திருமலை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடை. சாமான் எண்ணுகிற நாள், முதலாளி விடவில்லை. ஆணிப் பெட்டி எண்ணி முடிக்க இருட்டிவிட்டது. துறையடிக்கு வந்தால் கடைசிப் பாதை போய்விட்டது. செக்பொயின்ற் காலம், அங்கே இங்கே நிற்கவும் முடியாது. பள்ளிவாசலில் போய்ப் படுத்தேன். ஆனால் படுக்க முதல் கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தேன். அக்கரையில் எங்கள் பக்கத்து லைட் தெரிகிறது. உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு இருப்பா என்று தெரியும். போக வழியில்லை. காலையில் நேரே கடைக்குப் போனேன், உடுப்பு மாற்றவில்லை என்று முதலாளி ஏசினார்.

2009இல் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். பஸ்ஸில் முதல் தடவை கடந்தபோது ஒரு நிமிடம்தான் போனது. இவ்வளவு தூரத்துக்கா அன்றைக்கு ஒரு இரவு முழுக்க என்று நெஞ்சு கனத்துப் போச்சு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நின்று பிடித்தோம். அந்தக் கடையில் ஏழு வருடம் நின்று தொழில் பழகினேன். இப்போது வருகிற பிள்ளைகள் மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். கடிதம், லீவு, அது இது என்று முதல் நாளே கேட்டால் எந்த முதலாளி தொழில் சொல்லிக் கொடுப்பான்?

பாலையூற்றுப் பிள்ளை

நாநா, உங்கள் இரவு எனக்கு விளங்குகிறது. ஆனால் கடைசிப் பந்தியை அப்படியே விட முடியாது. நான் நின்று பிடித்தவள்தான். டவுனில் ஒரு துணிக்கடையில் கேஷியர், ஏ.எல். முடித்த கையோடு சேர்ந்து இரண்டு வருடம் நாலு மாதம்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு கணக்கு முடிக்கும்போது 2,000 ரூபாய் குறைந்தது. மூன்று தரம் எண்ணினேன். அப்பா வெளியே சைக்கிளோடு நிற்கிறார், ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. சம்பளத்தில் வெட்டுவதாகச் சொல்லிவிட்டு முதலாளி லைட்டை நிறுத்தினார். சரி, என் பொறுப்பில் இருந்த காசு, வெட்டட்டும் என்று நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் லாச்சி இறுகிப் போச்சு என்று முழுதாக வெளியே இழுத்தோம். பின்பலகையில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள். நான்தான் எடுத்து நீட்டினேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நான் களவெடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று. அவர் வாங்கினார், விரலால் நீவினார், சேர்ட் பொக்கற்றில் வைத்தார், வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். மாத முடிவில் சம்பளத்தில் 2,000 குறைத்துத்தான் தந்தார்கள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன்.

நின்று பிடி என்கிறீர்கள் நாநா. எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

ஓய்வுபெற்ற கணக்கர்

பிள்ளைகள் எல்லோரும் கவனமாக வாசியுங்கள், இது உங்கள் காசு.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நிரந்தரமோ, தற்காலிகமோ, நாட்கூலியோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "ஆறு மாதம் போகட்டும், பிறகு போடுவோம்" என்பது சட்டத்தில் இல்லாத கதை. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். அதற்கு மேலே ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், அதுவும் முதலாளியுடையது, உங்களிடம் வெட்டக் கூடாது. மாதம் 30,000 எடுக்கிற பிள்ளைக்குக் கணக்குப் பாருங்கள்: உங்களுடையது 2,400, அவர் போடுவது 3,600, ஈ.டி.எப். 900. மாதம் 6,900 ரூபாய் உங்கள் பெயரில் சேர வேண்டும். பல கடைகளில் 8 வீதத்தை வெட்டுவார்கள், ஆனால் கட்ட மாட்டார்கள். ஆகவே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மத்திய வங்கியில்தான் காசு இருக்கிறது, உங்கள் கணக்கில் எவ்வளவு என்று பார்க்கலாம்.

அடுத்தது சம்பளம். தனியார் துறையில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 2024 வரை 12,500 ஆகத்தான் இருந்தது. பிறகு 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இதற்குக் கீழே தருகிறவர் யாராயிருந்தாலும் பிழை. கடை, காரியாலயங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேலே வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. கிண்ணியாத் தம்பி ஆணி எண்ணிய இரவுக்கும் அது பொருந்தும். நியமனக் கடிதம் கேட்பது வாய்க்கொழுப்பு அல்ல, அதே சட்டம் சொல்வது. தரவில்லை என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சம்பளச் சிட்டை இல்லாவிட்டால் திகதி போட்டு ஒரு கொப்பியில் நீங்களே எழுதி வையுங்கள், வந்த நேரம், போன நேரம், கிடைத்த காசு.

என் கதை சின்னது. 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை தாளை என் பக்கம் திருப்பி, பேனாவின் பின்பக்கத்தால் தொட்டுக் காட்டியது. முதல் வேலை செய்த ஆறு வருடத்துக்கும் ஒன்றுமே இல்லை. அந்த முதலாளி என் கலியாணத்துக்கு வந்து மோதிரம் போட்டவர்.

கோணேசபுரி பட்டதாரி

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் கடிதம் கேட்டால் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பார்கள். வரிசையில் இன்னும் இருபது பிள்ளைகள் நிற்கிறார்கள். சட்டம் கச்சேரியில் இருக்கிறது, பசி வீட்டில் இருக்கிறது. அதற்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள்.

நான் திருமலை கம்பஸில் தொடர்பாடல் படித்தவள். பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தைச் சொல்லவில்லை, சொன்னால் நீளும். 2020இல் பட்டதாரிப் பயிலுநராக எடுத்தார்கள், ஒரு வருடப் பயிற்சி, மாதம் 20,000. ஒரு அரச அலுவலகத்தில் விட்டார்கள். எட்டுப் பேர், இரண்டு கதிரை. மற்றவர்கள் விறாந்தையில் வாங்கில். கையெழுத்துப் போடுவது, இருப்பது, பின்னேரம் கையெழுத்துப் போடுவது.

ஒரு நாள் ஒரு ஐயா வந்தார், மீன்பிடிக்கிறவர், விரலெல்லாம் வலை அறுத்த தழும்பு. படிவத்தை என்னிடம் நீட்டி, "மகள், இதை நிரப்பித் தாங்கோ" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். முழுப் பெயரைக் கேட்டேன், அப்பாவின் பெயரைக் கேட்டேன், அழகான எழுத்தில் எழுதினேன். பதினாறு வருடம் படித்ததற்கு நான் செய்த முதல் வேலை அது. உள்ளே போனவர் திரும்பி வந்தார். பழைய படிவமாம், போன மாதம் மாறிவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. "பரவாயில்லை மகள், எழுத்து வடிவாய் இருக்கு" என்று அதை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு போனார். பஸ்காசு செலவழித்து அவர் இன்னொரு தரம் வர வேண்டும். அவர் திரும்பி வந்தபோது நான் லீவு.

அரச வேலை கிடைத்துவிட்டது, இனி என்ன கவலை என்று ஊரில் சொன்னார்கள். அந்த ஒரு வருடத்தில் ஒரு சொல் பழக்கித் தர ஆள் இல்லை. அதுவும் ஒரு இழப்புத்தான்.

மூதூர் 77

எனக்கு எழுத வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டிங் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நாலாம் மட்டம் முடித்தவன். மேன்பவர், அதாவது ஆள் எடுத்துக் கொடுக்கிற கம்பனி மூலம் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். சேரும்போது ஓ.எல். சான்றிதழையும் என்.வி.கியூ.வையும் ஒரிஜினலாக வாங்கி வைத்தார்கள். "பாதுகாப்பாக இருக்கும்" என்று சொன்னார்கள்.

ஐந்து மாதத்தில் கத்தார் போக ஒரு இடம் சரிவந்தது, வெல்டருக்கு. ஏஜென்சி ஒரிஜினல் கேட்டது. மூதூரிலிருந்து நாலு தரம் போனேன். மெனேஜர் இல்லை, சாவி இல்லை, நாளைக்கு வா. நாலாம் தரம் கேற்றில் நின்ற காவலாளி, வயதானவர், என்னை வெயிலில் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரிடமோ சண்டை பிடித்து எடுத்துவந்தார். என்.வி.கியூ. தாளை நாலாக மடித்திருந்தார்கள். நான் அதை உறை போட்டு வைத்திருந்தவன். கேற்றடியில் காலில் வைத்து விரித்து விரித்து நீவினேன், மடிப்புப் போகவில்லை. ஏஜென்சிக்குப் போனால் இடம் நிரம்பிவிட்டது.

இப்போது ஊரிலேயே கேற் அடிக்கிறேன். பிழைப்பு ஓடுகிறது.

கிண்ணியா நாநா

பாலையூற்றுத் தங்கச்சி கேட்டதற்கு இரண்டு நாளாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது நானும் கடை வைத்திருக்கிறேன், மூன்று பையன்கள் நிற்கிறார்கள். ஒருவனுக்கும் கடிதம் கொடுக்கவில்லை. சேமலாப நிதியும் கட்டவில்லை. சாப்பாடு போடுகிறேன், பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிறேன், அது போதும் என்று இருந்தேன். அதில் ஒருவன் தம்பலகாமத்துப் பிள்ளை, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவான்.

கணக்கரையா, பதிவு செய்ய எங்கே போக வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஓய்வுபெற்ற கணக்கர்

தொழில் திணைக்கள அலுவலகத்துக்கே போங்கள். கடையின் வியாபாரப் பதிவு, உங்கள் அடையாள அட்டை, மூன்று பேருடைய அடையாள அட்டைப் பிரதி, சேர்ந்த திகதி. மற்றதை அங்கே கேளுங்கள். சேர்ந்த திகதியை உண்மையாகச் சொல்லுங்கள், பழைய மாதங்களுக்கும் கட்ட வேண்டி வரும். வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்.

சாம்பல்தீவுத் தம்பி

அண்ணாமார், அக்காமார், நான் ஓ.எல். முடித்துவிட்டு ஹோட்டல் கோர்ஸ் செய்தவன். நாளைக்கு 9 மணிக்கு நிலாவெளியில் ஒரு இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ரெஸ்டோரண்ட் பக்கம். சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல் கொண்டு வா, நாங்கள் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். கொடுக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

மூதூர் 77

கொடுக்காதே. காட்டு, கையில் திருப்பி வாங்கு. ஏற்கெனவே எங்காவது மாட்டிக்கொண்டவர்களுக்கும் சொல்கிறேன், ஓ.எல். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் ஒன்லைனில் விண்ணப்பித்து எடுக்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கோணேசபுரி பட்டதாரி

"வேறு ஒரு பதிவுக்கு ஒரிஜினல் வேண்டும், பிரதி தந்துவிட்டுப் போகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள் தம்பி. சண்டை மாதிரிக் கேட்க வேண்டாம். சி.வி.யில் இலக்கணப் பிழை இருந்தால் இன்றிரவே அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

உப்புவெளிக்காரன்

தம்பி, நான் இப்போது அந்தப் பக்கத்திலேயே ஒரு கெஸ்ட் ஹவுஸில் சுப்பவைசர். ஒரிஜினல் இல்லாமல் ஆள் எடுக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன, பயப்பட வேண்டாம். நாளைக்கு அங்கே சரிவராவிட்டால் பின்னேரம் எனக்கு எழுது, எங்களுக்கும் ஒரு ஆள் தேவை. சேர்ட்டை இன்றைக்கே அயன் பண்ணி வை. சேர்ந்தால் முதல் நாளே திகதி போட்டு ஒரு கடிதம் கேள், இரண்டு வரி போதும்.

சாம்பல்தீவுத் தம்பி

சரி அண்ணா. சந்தியில் போட்டோ கொப்பிக் கடை 8 மணிக்குத்தான் திறக்கும், இரண்டு செட் அடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன். அக்கா, சி.வி. அனுப்பியிருக்கிறேன்.