பீக் டிஸ்ட்ரிக்ட்: விநாட்ஸ் பாஸ் ஏற 11–28 கேசட் போதுமா? 60 கி.மீ. வழியும் சொல்லுங்கள்

சர்ரே_சக்கரம்

வணக்கம் மக்களே. ஜூனில் ஒரு வார இறுதி ஷெஃபீல்டில் தங்கல். சனிக்கிழமை முழுக்க இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஹோப் வேலி பக்கம் ரோடு பைக் ஓட்ட வேண்டும். 60 கி.மீ. ஒட்டி, பெரிய சாலைகளை முடிந்தவரை தவிர்த்து ஒரு சுற்று. அதில் காசில்டன் பக்கத்துச் செங்குத்து மலைச்சாலையான விநாட்ஸ் பாஸ் இருந்தே ஆக வேண்டும்.

இப்போதைக்குப் பழக்கம் சர்ரே மலைகள்தான். பாக்ஸ் ஹில் சிரமமில்லாமல் ஏற முடிகிறது. வண்டி: ஷிமானோ 105 ஆர்7000, 11 ஸ்பீடு, முன்னால் 50/34 பல், பின்னால் 11–28 பல் கேசட் (பல்சக்கரத் தொகுதி), ரிம் பிரேக், 25 மி.மீ. டயர். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ. பத்து நிமிடத்துக்கு 250 வாட் தாங்கும்.

கியர் மாற்ற வேண்டுமா? எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? இறக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கியர்வாசி

பாக்ஸ் ஹில்லை வைத்து விநாட்ஸை அளக்காதீர்கள். பாக்ஸ் ஹில் 2.5 கி.மீ., சராசரி 5% தான். விநாட்ஸில் மொத்த நீளம் குறைவு. ஆனால் ஸ்பீட்வெல் குகை வாசலைத் தாண்டியதும் சரிவு கூடிக்கொண்டே போய் 20% தொடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 கிலோ, 20% சரிவு, 250 வாட் என்றால் வேகம் மணிக்கு சுமார் 5.4 கி.மீ. அந்த வேகத்தில் 34–28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) பெடல் நிமிடத்துக்கு 35 சுற்றுதான் வரும். அந்தச் சுற்றில் ஒவ்வொரு மிதியும் தனித்தனி உந்தலாகிவிடும், முன் சக்கரம் ஆடும், முட்டி பேசும். 34–34 போட்டால் அதே வேகத்துக்கு 43 சுற்று. அதுவும் சுகமில்லை, ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம். ஆக, மாற்றுங்கள்.

ஆனால் கேசட் மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். பின் டெரெய்லரின் (செயினைப் பல் மாற்றும் கருவி) உட்புறத்தில் மாடல் எண் பொறித்திருக்கும். எண்ணின் முடிவில் எஸ்எஸ் என்றிருந்தால் செயினைத் தாங்கும் அதன் கூண்டு குட்டை, அதிகபட்சம் 30 பல். ஜிஎஸ் என்றிருந்தால்தான் 34 வரை போகும். 11–28 உடன் வந்த வண்டிகளில் பெரும்பாலும் எஸ்எஸ் தான். அப்படியானால் கேசட்டோடு ஜிஎஸ் டெரெய்லரும் புதுச் செயினும் சேர்த்துச் செலவு. அது வேண்டாம் என்றால் 11–30 போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் 20%-ல் அது 38 சுற்றுக்குத்தான் ஆகும்.

ஷெஃபீல்ட்_மேடு

கியரை நண்பர் பார்த்துக்கொண்டார், வழி நான் சொல்கிறேன்.

ஷெஃபீல்டிலிருந்து ஹோப் வேலி ரயிலில் ஹாதர்சேஜ் இறங்குங்கள். ஹாதர்சேஜ் – பாம்ஃபோர்ட் பக்கம் – ஹோப் வரை ஏ6187. சனிக்கிழமை ஒன்பது மணிக்குள் கடந்துவிட்டால் தொல்லையில்லை. ஹோப்பிலிருந்து காசில்டன், அப்படியே விநாட்ஸ். மேலே ஏறியதும் பி6061 பிடித்து ஸ்பாரோபிட். அங்கிருந்து பீக் ஃபாரஸ்ட் வரை ஏ623-ல் சில கி.மீ. போயாக வேண்டும். லாரிகள் வேகமாக வரும் சாலை. பின் விளக்கு பகலிலும் எரியட்டும்.

அடுத்து டைட்ஸ்வெல், லிட்டன், கிரெஸ்புரூக். கிரெஸ்புரூக் மில்லுக்கு இறங்கும் ஒற்றைத் தடச் சாலை குறுகல், வளைவில் எதிரே வருவது தெரியாது. கீழே ஆற்றோரமாக அப்பர்டேல், பிறகு மான்சல் ஹெட்டுக்கு ஒரு குட்டி ஏற்றம். குட்டி என்றாலும் கால் சோர்ந்த நேரத்தில் வரும். அதன்பின் லிட்டில் லாங்ஸ்டன், கிரேட் லாங்ஸ்டன், ஹாசப், கால்வர், கிரைண்டில்ஃபோர்ட், ஹாதர்சேஜ். மொத்தம் 60 கி.மீ.க்குள் முடியும், ஏற்றம் ஆயிரம் மீட்டரை ஒட்டி வரும்.

இரண்டு எச்சரிக்கை. சில வழிகாட்டிச் செயலிகள் மாம் டோர் மலை அடிவாரத்துப் பழைய ஏ625-ஐக் காட்டும். மலை சரிந்து சரிந்து 1979-ல் நிரந்தரமாக மூடிய சாலை அது. தார்ப் பாளங்கள் படிக்கட்டு மாதிரி உடைந்து கிடக்கின்றன. ரோடு பைக்கைத் தோளில் தூக்கத்தான் வேண்டும். இன்னொன்று, "ஸ்னேக் பாஸையும் சேர்த்துவிடலாமே" என்று வரைபடம் ஆசை காட்டும். அது போகும் ஏ57 வார இறுதியில் காரும் மோட்டார் பைக்கும் மொய்க்கும் சாலை. விட்டுவிடுங்கள்.

மான்சல் டிரெயில் பழைய ரயில் பாதை. 2011-ல் சுரங்கங்கள் திறந்தபின் சனிக்கிழமைகளில் குழந்தைகளும் நாய்களுமாக நிறைந்திருக்கும். அதில் வேகம் எடுக்க முடியாது.

தெற்கு_காற்று

மேலே சொன்ன வழி நல்ல வழி. ஆனால் ஆளைத் தெரியாமல் முதல் ஏற்றமே விநாட்ஸ் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஹாதர்சேஜிலிருந்து அதுவரை கிட்டத்தட்ட சமதளம், தசை சூடேறியிருக்காது. ஹோப்பிலிருந்து எடேல் பள்ளத்தாக்கில் புகுந்து, பார்பர் பூத் தாண்டி மாம் நிக் கணவாய் ஏறினால் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். 2.5 கி.மீ. ஏற்றம், விநாட்ஸ் அளவுக்குக் கொடுமை இல்லை, போக்குவரத்தும் குறைவு.

விநாட்ஸ் கட்டாயம் என்றால் இப்படிச் செய்யலாம்: ஹோப் – காசில்டன் – விநாட்ஸ் ஏறி, மாம் நிக் வழியாக எடேலுக்கு இறங்கி, திரும்ப ஹோப். 20 கி.மீ. சுற்று. கால் மிச்சமிருந்தால் தெற்கே மேலே சொன்ன வழி, இல்லையென்றால் ஹோப்பிலேயே ரயில். எதுவானாலும் விநாட்ஸை இறங்குவதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை இடுக்கு, ஆடுகள் நடுச்சாலையில் நிற்கும், குகைக்கு வந்த கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ரிம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. மாம் நிக்கிலும் இதே விதி: நேர்ப்பகுதியில் வேகம் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள்.

கேட்டில் கிரிட் (ஆடுமாடு தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்த கம்பி வரிசை) வந்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். அதன்மேல் சாய்வதோ பிரேக் பிடிப்பதோ கூடாது. ஈரக் கம்பியில் 25 மி.மீ. டயர் சட்டென வழுக்கும். முடிந்தால் 28 மி.மீ.க்கு மாறுங்கள். ஆர்7000 பிரேக் இடம் கொடுக்கும். ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ போதும்.

வரைபடத்தில் சாலை மேல் அம்புக்குறிகள் இருக்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயில் ஒற்றை அம்பு 14 முதல் 20%, இரட்டை அம்பு 20%-க்கு மேல். முனை இறக்கத்தைக் காட்டும். வழியை முடிவு செய்யுமுன் அவர்களின் ஓஎல்1, ஓஎல்24 வரைபடங்கள் இரண்டையும் இதற்காகவே ஒருமுறை பாருங்கள்.

சர்ரே_சக்கரம்

மூவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன், எஸ்எஸ் தான். ஜிஎஸ் டெரெய்லரும் 11–34 கேசட்டும் நானே மாட்டலாம் என்றிருக்கிறேன். எதில் தவறு நடக்கும்? அப்புறம் ரயிலில் சைக்கிள் ஏற்றுவது எப்படி?

கியர்வாசி

தவறு நடக்கும் இடம் மூன்று.

ஷிமானோவின் 11 ஸ்பீடு 11–34 கேசட் 10 ஸ்பீடு ஃப்ரீஹப் (பின் சக்கர நடுவில் கேசட் மாட்டும் உருளை) அகலத்துக்குச் செய்தது. உங்கள் 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் முதலில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம், அதன்மேல் கேசட். வளையத்தை விட்டால், கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் இறுக்கினாலும் கேசட் கடகடவென்று ஆடும். பலர் இங்கேதான் ஹப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறார்கள்.

பழைய செயின் நீளம் பற்றாது. புதுச் செயினை டெரெய்லரில் நுழைக்காமல் முன்னால் 50, பின்னால் 34 இரண்டையும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். குட்டையாக விட்டால், மேட்டில் அவசரமாக 50–34 போடும் நொடியில் டெரெய்லரே பிய்ந்து ஆரக்கம்பிக்குள் போகும்.

கடைசியாக, டெரெய்லருக்கும் கேசட்டுக்கும் இடைவெளி வைக்கும் பி-டென்ஷன் திருகு. 34–34ல் வைத்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மேல் சிறு சக்கரம் 34 பல்லில் உரசக் கூடாது. உரசினால் திருகை உள்ளே விடுங்கள். ரொம்ப விட்டால் சிறு பற்களில் கியர் மந்தமாக விழும்.

ஷெஃபீல்ட்_மேடு

லண்டன் – ஷெஃபீல்ட் ஈஎம்ஆர் (ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில்வே) ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். ஹோப் வேலியில் நிற்கும் நார்தர்ன் ரயிலில் முன்பதிவு கிடையாது. பொதுவாக ஒரு ரயிலுக்கு இரண்டு சைக்கிள்தான், முதலில் வந்தவருக்கே இடம். வெயில் அடிக்கும் சனிக்கிழமை மாலை ஹாதர்சேஜில் அந்த இரண்டு இடத்துக்கு ஆறு பேர் நிற்பார்கள். கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு இரண்டு ரயில் முன்னால் பிளாட்ஃபாரத்தில் இருங்கள். இடமே கிடைக்காவிட்டால் ஃபாக்ஸ் ஹவுஸ் வரை ஒரு நீண்ட ஏற்றம். அதற்குமேல் ஷெஃபீல்ட் வரை பெரும்பாலும் இறக்கம்தான்.