நைதரசன் அடித்தால் டயர் சூட்டுக்கு வீங்காதா?

கறுத்தகொழும்பான்:
சனிக்கிழமை குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். நேற்று வெள்ளவத்தைப் பக்கம் ஒரு டயர்க் கடையில் காற்றுப் பார்க்க நிறுத்தினேன். "சாதாரணக் காற்று சூட்டுக்கு வீங்கும், நைதரசன் வீங்காது, நாலுக்கும் அடித்துவிடட்டுமா?" என்றார்கள். தலையாட்டி, காசும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உயர்தரத்தில் படித்த, வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் வெப்பநிலையையும் இணைக்கிற இலட்சிய வாயுச் சமன்பாடு ஞாபகம் வந்தது. எந்த வாயு என்று கேட்கிற எழுத்தே அதில் இல்லையே! ஏமாந்துவிட்டேனா?

கம்பிரசர்:
இல்லைத் தம்பி, நல்ல வேலைதான் செய்திருக்கிறீர்கள். இருபது வருஷமாக டயரோடு கிடக்கிறவன் சொல்கிறேன். சாதாரணக் காற்றைக் காலையில் 32 பிஎஸ்ஐ அமுக்கத்தில் வைத்துக்கொண்டு அதிவேக வீதியில் மாத்தறை வரை ஓடி இறங்கிப் பாருங்கள், 37 காட்டும், சில வண்டியில் அதுக்கும் மேல். நைதரசன் அப்படி ஏறாது.

கரும்பலகை:
ஏறும் அண்ணை, அதே அளவுதான் ஏறும். முதலில், நீங்கள் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன். மிச்சம் பெரும்பாலும் ஒட்சிசன். நைதரசன், ஒட்சிசன், ஐதரசன் எல்லாமே ஒரே சூட்டுக்கு ஒரே அளவு விரிகின்றன என்று பிரெஞ்சு விஞ்ஞானி கேலுசாக் 1802இலேயே அளந்து எழுதிவிட்டார். டயரின் கனவளவு அவ்வளவாக மாறாது, ஆகவே சூடு கூடினால் அமுக்கம் கூடும். வாயுவின் பெயர் அங்கே வேலை செய்யாது.

இன்னொன்று. டயரை முழுக்க இறக்கிவிட்டு நைதரசன் அடித்தாலும் உள்ளே ஒரு வளிமண்டல அளவுக்குப் பழைய காற்று இருக்கும். கணக்குப் பார்த்தால் 32 வந்ததும் 6, 7 சதவீதம் ஒட்சிசன் உள்ளேயே மிச்சம். கறுத்தகொழும்பான் காசு கொடுத்தது 78ஐ 93 ஆக்கத்தான்.

கோட்டை ரயில்:
சேர், உங்கள் சமன்பாடே எனக்குச் சந்தேகம். 27 பாகையில் இருந்த டயர் 54 பாகைக்கு வந்தால் வெப்பம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் 32 போய் 64 ஆக வேண்டும். கொழும்பில் தினமும் ஆயிரம் டயர் வெடித்திருக்குமே? புத்தகத்து வாயு வேறு, டயர் வாயு வேறு.

கரும்பலகை:
இந்தப் பிழையை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் பாதிப்பேர் விடுகிறார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை. பாகை செல்சியஸில் பெருக்கக்கூடாது, 273ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்ற வேண்டும். 27 என்பது 300 கெல்வின். டயர் 57 பாகைக்குப் போனால் 330. பத்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது.

சரி, 32ஐ 1.1ஆல் பெருக்கி 35.2 என்று எழுதினாலும் புள்ளி போகும். கேஜ் காட்டுகிற 32 வெளியே உள்ள காற்றைவிட எவ்வளவு கூட என்பதுதான். அதோடு வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்டுங்கள்: 46.7. அதன் பத்தில் ஒன்று 4.7. ஆக கேஜ் 36.7 காட்டும். கம்பிரசர் அண்ணை மாத்தறையில் பார்த்த 37 இதுதான்! சமன்பாட்டுக்கு அவரே சாட்சி. இந்த அமுக்கத்தில் நைதரசனும் காற்றும் இலட்சிய வாயுவிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகாது.

கோட்டை ரயில்:
கெல்வினை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமான டயருக்கு ஏன் நைதரசன்? அவர்கள் என்ன, ஏமாந்த சனங்களா?

கரும்பலகை:
அது தீப்பிடிக்காமல் இருக்க, வீங்காமல் இருக்க இல்லை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிக்கோவில் ஒரு போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் சூடேறி, காற்று அடித்திருந்த டயர் பறக்கும்போது வெடித்தது. அந்தச் சூட்டில் இறப்பரிலிருந்து கிளம்பும் ஆவிக்கு ஒட்சிசன் கிடைக்கக்கூடாது. உங்கள் ஓல்டோ காரின் பிரேக் அந்த நிலைக்கு வராது.

கம்பிரசர்:
சேர், கணக்கு அழகாக இருக்கிறது. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். காலையில் கடை திறந்ததும் கம்பிரசர் தாங்கியின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்துவிடுவேன். பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். மழை நாளென்றால் அரைப் போத்தல். கொழும்புக் காற்று அப்படி. திறக்காத கடையில் அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாக டயருக்குள் போகிறது. டயரைக் கழற்றும்போது ரிம்மில் துரு பிடித்துக் கிடப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! நைதரசன் உலர்ந்தது. இந்தத் தண்ணீர் உங்கள் சமன்பாட்டில் எந்த எழுத்து?

கரும்பலகை:
நல்ல கேள்வி. கேட்டதும் தேநீரை வைத்துவிட்டுக் கடதாசி எடுத்தேன்.

தண்ணீர் திரவமாக உள்ளே இருந்தால் இலட்சிய வாயுக் கணக்கு போதாது, நிரம்பலாவி அமுக்கம், அதாவது அந்தச் சூட்டில் நீராவி அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அமுக்கம், வந்துவிடும். 27 பாகையில் அது அரை பிஎஸ்ஐ அளவு. 57 பாகையில் இரண்டரை. சூடேற ஏறத் தண்ணீர் புதிதாக ஆவியாகி உள்ளே மூலக்கூறுகளின் எண்ணிக்கையே கூடுகிறது. 36.7 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 38.6 வரும். 30 லீற்றர் டயருக்கு இதற்கு மூன்றரைக் கிராம் தண்ணீர் போதும், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆகவே "சில வண்டியில் அதுக்கும் மேல்" என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. இந்த இடத்தில் நான் தோற்றேன்.

ஆனால் பாருங்கள், தாங்கி 100 பிஎஸ்ஐயில் நிற்கும்போதே மிஞ்சிய ஈரம் ஒடுங்கித் தண்ணீராகக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே உள்ள காற்று டயரின் 32க்கு விரியும்போது சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உள்ளே இருக்கிற பங்கு, 40 சதவீதத்துக்கு விழும். தினமும் குழாயைத் திறக்கிற உங்கள் கடையில் சாதாரணக் காற்றே உலர்ந்த காற்றுத்தான். நைதரசனுக்கு வாங்குகிற காசு குழாயைத் திறக்காத கடைக்குத்தான் நியாயம்!

கம்பிரசர்:
தினமும் திறக்கிற கடை எத்தனை என்று எனக்குத்தான் தெரியும், சேர். அதோடு நைதரசன் மெதுவாகத்தான் கசியும்.

கரும்பலகை:
கசிவு உண்மை, ஒட்சிசன் இறப்பருக்குள்ளால் கொஞ்சம் வேகமாகப் போகும். அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் சஞ்சிகை ஒரு வருஷம் டயர்களை வைத்துப் பார்த்தது. 30இலிருந்து காற்று 3.5 இறங்கியது, நைதரசன் 2.2. மாதம் ஒருதரம் கேஜ் வைக்கிறவனுக்கு அது ஒரு வித்தியாசமா?

கறுத்தகொழும்பான்:
நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் விடிய 5 மணிக்கு, 27 பாகையில், 32 வைத்துப் புறப்பட்டோம். இன்று காலை இங்கே 15 பாகை, கை விறைக்கிறது. கேஜ் 33 காட்டுகிறது. குளிருக்கு இறங்கத்தானே வேண்டும்? பிள்ளைகளின் பிஸ்கட் பக்கெற்றும் பந்து மாதிரி வீங்கிவிட்டது.

கம்பிரசர்:
பார்த்தீர்களா? நைதரசன் இறங்கவிடாது!

கரும்பலகை:
உள்ளே இறங்கித்தான் இருக்கிறது. 46.7 இப்போது 44.8. ஆனால் நீங்கள் 1868 மீற்றர் உயரத்தில் நிற்கிறீர்கள், அங்கே வெளிக்காற்றே 11.7தான். கழித்துப் பாருங்கள், 33.1. பக்கெற் வீங்கியதும் அதனால்தான். ஸ்பெயார் டயருக்கும் நைதரசன் அடித்தார்களா?

கறுத்தகொழும்பான்:
இல்லை, நாலுக்கும்தான். ஸ்பெயாரில் பழைய காற்று, கொழும்பில் அதையும் 32 ஆக்கித்தான் வந்தேன். பொறுங்கள், டிக்கியைத் திறந்து பார்க்கிறேன்.

33.

கம்பிரசர்:
ஸ்பெயார் ஓடவில்லையே தம்பி.