ஜெனோவாவிலிருந்து அமால்ஃபி வரை குழந்தைகளுடன் காரில்: கொஞ்சம் சொல்லுங்களேன்

நிலாமகள்:
வணக்கம். ஜூன் மாதம் ஒன்றரை வார விடுப்பில் இத்தாலி போகிறோம். ஜெனோவாவில் வாடகைக் கார் எடுத்து, சிங்குவே தேர்ரே, பீசா, அங்கிருந்து தெற்கே அமால்ஃபி, சலேர்னோவில் காரை ஒப்படைப்பது என்று கணவர் வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார். கோடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மகளுக்கு (ஏழு வயது) வளைவுச் சாலை என்றாலே வாந்தி. மூன்று வயது மகன் மணலைக் கண்டால் அங்கிருந்து நகரமாட்டான். உடன் வரும் மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். குழந்தைகளோடு அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கணவரும் படிப்பார்.

கடற்காகம்:
கணவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அமால்ஃபியை வெட்டிவிடுங்கள். ஜெனோவாவுக்கும் சலேர்னோவுக்கும் நடுவே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை கிடக்கிறது. அதை ஓட்டி முடிப்பதற்குள் விடுப்பில் ஒரு பெரும் துண்டு காரிலேயே போய்விடும்.

வேலை நிமித்தம் ஜெனோவாவைச் சுற்றிய கடலோர மாநிலமான லிகூரியாவில் இருக்கிறேன். என் பிள்ளைகள் நீந்தப் பழகியது இங்கேதான். இந்தக் கடற்கரையில் கார் வைத்திருப்பவனைவிட ரயில் டிக்கெட் வைத்திருப்பவன் நிம்மதியாக இருப்பான். மலை நேராகக் கடலில் இறங்குகிறது, ஊர்கள் அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வண்டி நிறுத்த இடம் ஏது? சிங்குவே தேர்ரேயின் ஐந்து ஊர்களுக்குள்ளும் காரில் போக நினைக்கவே வேண்டாம். கோடையில் அவற்றின் இரு முனைகளிலும் உள்ள லெவாந்தோவுக்கும் லா ஸ்பேட்சியாவுக்கும் இடையே ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன.

அதனால் லெவாந்தோவில் அறை எடுங்கள். நீளமான கடற்கரை, வண்டி நிறுத்துமிடம், ரயில் நிலையம் எல்லாம் ஒரே ஊரில். அடுத்த நிலையமே மொந்தெரொசோ, சில நிமிடங்கள்தான். ஐந்து ஊர்களிலும் உருப்படியான மணல் கடற்கரை அங்குதான் இருக்கிறது, தரையும் ஓரளவு சமம். உங்கள் மாமியாருக்கும் மகனுக்கும் அந்த ஓர் ஊரே போதும். வெர்னாட்சாவிலும் நிலையத்திலிருந்து துறைமுகம் வரை தெரு சாய்வாக இறங்கும், நடந்துவிடலாம். கொர்னீலியாவில் மட்டும் அவரை இறக்கிவிடாதீர்கள். ஊர் குன்றின் மேல்; நிலையத்திலிருந்து ஏற முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட படிகள். சிற்றுந்து உண்டு என்றாலும் கூட்ட நாளில் அதை நம்ப முடியாது.

லெவாந்தோவிலிருந்து பொனசோலா வழியாக ஃப்ராமூரா வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி இருக்கிறார்கள். பெரும்பகுதி சுரங்கம், வெயிலே தெரியாது. சுரங்கத்துக்குச் சுரங்கம் நடுவே திடீரென்று கடல் திறக்கும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ஏற்ற இறக்கம் கிடையாது. வாடகைச் சைக்கிள் ஊரிலேயே கிடைக்கும்.

மகளின் வாந்திக்கு: ஏ12 நெடுஞ்சாலையிலேயே வாருங்கள். சுரங்கமும் பாலமுமாக இருந்தாலும் வளைவு மென்மையானது. வழிகாட்டிச் செயலி 'சுங்கம் இல்லாத பாதை' என்று ஆசை காட்டினால் மசியாதீர்கள். அது பழைய அவுரேலியா சாலையில் பிராக்கோ கணவாய்க்கு ஏற்றிவிடும். மோட்டார் சைக்கிள்காரர்கள் வளைவுக்காகவே தேடிப் போகும் சாலை அது. கர்ரொதானோ-லெவாந்தோ வழியில் இறங்கிய பின் வரும் கடைசிப் பகுதியில் மட்டும் வளைவுகளைத் தவிர்க்க முடியாது. பை தயாராக இருக்கட்டும்.

ஜெனோவாவில் முதல் நாளே கார் எடுக்காதீர்கள். பழைய துறைமுகத்தில் 1992 முதல் இருக்கும் மீன்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் எடுத்தால் போதும். லெவாந்தோவுக்குப் பிறகு வியாரெஜ்ஜோ பக்கம் போங்கள். அங்கே நிலம் தட்டையாகிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். முதுகுப் பக்கம் திரும்பினால் கர்ராராவின் பளிங்குக் குவாரிகள், ஜூன் மாதத்திலும் பனி படர்ந்தது போல வெளுத்திருக்கும். பீசா கிட்டத்தில்தான். ஆனால் எட்டு வயது நிரம்பாத குழந்தைகளைச் சாய்ந்த கோபுரத்தில் ஏற விடுவதில்லை. இதை மகளிடம் கோபுரத்தின் அடியில் வைத்துச் சொல்லாதீர்கள்.

தென்றல்காரன்:
கடற்காகம் ஐயா வடக்கத்திய அபிமானி, தெரிந்ததுதான். கணவரின் மனம் அமால்ஃபியில் இருந்தால் வடக்கை விட்டுவிட்டு நேராக நேப்பிள்ஸில் இறங்குங்கள், சகோதரி. சலேர்னோவில் தங்கி, படகில் அமால்ஃபிக்கும் பொசிட்டானோவுக்கும் போய் வரலாம். எஸ்.எஸ். 163 என்னும் அமால்ஃபி கடலோரச் சாலையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டவேண்டிய அவசியமே இல்லை. சுற்றுலாப் பேருந்து எதிரே வந்தால் பின்னால் எடுக்கவேண்டியவர் நீங்கள்தான். போதாக்குறைக்கு 2022 முதல் நெரிசல் நாட்களில் (ஜூன் பாதியிலிருந்து சனி, ஞாயிறு, ஆகஸ்டில் தினமும்) காலை பத்து முதல் மாலை ஆறு வரை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கட்டுப்பாடும் இருக்கிறது. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பது ஒன்றுதான் குறை. மணல் விளையாட்டுக்கு வியெத்ரி போங்கள். பொசிட்டானோ முழுக்கப் படிக்கட்டு. மாமியாருக்குப் படகிலிருந்து பார்த்தாலே அழகு.

அடுக்களைவாசி:
சைவத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! லிகூரியா என்றால் கவலை வேண்டாம். ஃபரினாத்தா என்று ஒன்று விற்பார்கள்: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான்; விறகடுப்பில் சுட்டது. மாமியார் அதை மெச்சிக்கொள்வார். ஃபொகாச்சா ரொட்டி மகனின் மாலைப் பசிக்கு. இது முக்கியம், ஏனென்றால் உணவகங்கள் பலவும் ஏழரைக்கு முன் அடுப்பு பற்றவைப்பதில்லை. 'மரினாரா' பீட்சாவில் மீனும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை: தக்காளி, பூண்டு, ஓரெகானோ. பெஸ்தோ என்னும் துளசி வகை இலைச் சட்னியில்தான் யோசிக்கவேண்டும், அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கிறார்கள். பைன் விதையும் உண்டு; குழந்தைகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே கேளுங்கள்.

நிலாமகள்:
எல்லோருக்கும் நன்றி. கணவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கோட்டைப் பீசாவோடு நிறுத்திவிட்டார். ஃபரினாத்தாவுக்காகவே மாமியார் வடக்குக்கு வாக்களித்துவிட்டார். குழந்தை இருக்கை, உரிமம், அபராதம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் உரிமம் இந்தியாவில் எடுத்தது.

கடற்காகம்:
இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கவேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரை குழந்தை இருக்கை கட்டாயம். ஆகவே இருவருக்குமே வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மாமியாரைத் திணிக்காதீர்கள். அவருக்கு முன் இருக்கை, அந்த நடு இடம் உங்களுக்கு. அதற்குப் பயந்து பெரிய வண்டி எடுத்தால் லெவாந்தோவின் சந்துகளில் கணவர் அழுவார்.

அபராதத்தில் பெரும்பாலும் மாட்டுவது இசட்.டி.எல். எனும், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகும் பகுதியில்தான். பழைய நகரின் நுழைவாயிலில் வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை இருக்கும். அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும், யாரும் நிறுத்தமாட்டார்கள். மாதங்கள் கழித்துக் கடிதம் வரும், அதற்கும் முன்னால் விவரம் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் தனியாகக் காசு பிடித்திருக்கும். விடுதி உள்ளே இருந்தால் உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். தெருவில் நீலக்கோடு கட்டணம், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை. சுங்கச்சாவடியிலும் மஞ்சள் நிற டெலிபாஸ் (வண்டியில் தானியங்கிக் கட்டணக் கருவி வைத்திருப்பவர்களுக்கான) பாதைக்குள் போகாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் செஸ்திரி லெவாந்தேயிலிருந்து மொனேலியாவுக்குப் பழைய ரயில் சுரங்கங்கள் வழியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு வண்டிக்குத்தான் அகலம். இரு பக்கமும் முறைவைத்து விடுவார்கள். சிவப்பு விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். வளைவு குறைவு, மகளுக்கு ஒன்றும் ஆகாது.