கன்ட்ரோல் செல்லிலேயே மைட்டோகாண்ட்ரியா பாதி வழியில் நின்றுவிடுகிறது

ஆக்சானுக்குள் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) ஓடுவதைப் படம்பிடிப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

கிஃப்5ஏ என்ற கைனசினில் (செல்லுக்குள் சரக்கைச் சுமந்து ஓடும் மோட்டார் புரதம்) என்256எஸ் என்ற மரபணு மாற்றம் கடத்தலை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்கிறேன் (கால்களை விறைக்கச் செய்யும் பரம்பரை நோயான எஸ்பிஜி10-இல் காணப்படுவது). ஆனால் மாற்றமே இல்லாத செல்லிலேயே தகராறு. முதல் சில நிமிடங்கள் நன்றாக ஓடுகின்றன. அப்புறம் இரு திசையிலும் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. கைமோகிராஃபில் (நேரம் போகப் போக இடம் மாறுவதைக் கோடுகளாகக் காட்டும் படம்) ஓட்டத்தைக் காட்டும் சாய்ந்த கோடுகள் எல்லாம் செங்குத்தாகிவிடுகின்றன. வினோதம் என்னவென்றால், அதே ஆக்சானில் லைசோசோம்கள் (கழிவைச் சிதைக்கும் நுண்பைகள்) பாட்டுக்கு ஓடுகின்றன. ஆக, இவை ஓடும் மைக்ரோட்யூபூல் தண்டவாளமும், ஆற்றல் தரும் ஏடிபியும் சரியாகத்தான் இருக்கவேண்டும்.

செல்: 18 நாள் எலிக் கருவின் ஹிப்போகாம்பஸ் நியூரான், வளர்ப்பில் 7-ஆம் நாள். ஸ்பின்னிங் டிஸ்க் நுண்ணோக்கி, 561 நானோமீட்டர் லேசர், 2 நொடிக்கு ஒரு படம். பார்க்கும் இடம் ஆக்சானின் நடுப்பகுதி.

மேடையின் வெப்பம் 37 டிகிரியில் நிலையாக இருக்கிறது, ஊடகத்தில் ஹெப்பீஸ் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர்) சேர்த்தாயிற்று. மைட்டோட்ராக்கர் சாயத்தை விட்டு மைட்டோ-டிஎஸ்ரெட் என்ற ஒளிரும் புரதத்துக்கு மாறினேன், மாற்றமில்லை. லேசரைப் பாதியாக்கியபோது மட்டும் நிற்பது கொஞ்சம் தள்ளிப்போனது. அதனால் ஒளி நச்சின் (வெளிச்சமே செல்லைக் கெடுப்பது) மேல்தான் சந்தேகம். ஆனால் கால்சியம் ஏறினால் மைட்டோகாண்ட்ரியாவை மோட்டாரோடு இணைக்கும் மிரோ புரதமும் அதை நிறுத்திவிடுமே! கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பாப்டா-ஏஎம் போட்டுப் பார்க்கத் தயக்கம், செல்லின் மற்ற வேலைகளையும் அது கலைத்துவிடும்.

நிற்பதற்குக் காரணம் லேசர் வெளிச்சமா, மிரோ வழியாக வரும் கால்சியமா என்று பிரித்தறிய நீங்கள் எந்தக் கன்ட்ரோல் சோதனையை முதலில் செய்வீர்கள்?