பூனை காதில் ரத்தமே வரவில்லை, வீட்டில் சுகர் பார்ப்பவர்கள் உதவுங்கள் (ஏற்காடு)

நாகலூர்_காபி:
எங்கள் கடுவன் கருப்பனுக்கு 11 வயது, கருத்தடை செய்தது, நல்ல கனம். ஓயாமல் தண்ணீர் குடிப்பதும் ஒன்றுக்குப் போவதுமாக இருந்தான், சேலத்தில் காட்டியதில் சர்க்கரை என்றார்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கிளார்ஜின் இன்சுலின். ஊசி பிரச்சினை இல்லை, தட்டில் வாய் வைத்திருக்கும்போதே போட்டுவிடுகிறேன். ஆனால் சுகர் பார்க்கக் காதில் குத்தினால் ரத்தம் வருவதே இல்லை, வந்தாலும் துளி போதாமல் மீட்டர் எரர் காட்டுகிறது. ஒரே ஒரு தடவை 210 வந்தது. அதே வாரம் கீழே கொண்டுபோனபோது ஆஸ்பத்திரியில் 380. எதை நம்புவது? மீட்டர் அப்பாவுடையது, மனிதர்களுக்கானது.

அஸ்தம்பட்டி_அக்கா:
தம்பி, முதலில் காதைச் சூடு பண்ணுங்கள். குளிரில் காது நரம்பு சுருங்கிவிடும், உங்கள் ஊர்ப் பனியில் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் அரிசியை வாணலியில் சூடாக்கிப் பழைய சாக்ஸில் கட்டி, உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், கை பொறுக்கும் சூடு என்றால் காதில் ஒரு நிமிஷம் ஒற்றி எடுங்கள். அப்புறம் டார்ச் அடித்தால் காது ஓரமாக ஓடும் நரம்பு தெரியும். நரம்பையே குத்த வேண்டாம், அதற்கும் காது விளிம்புக்கும் நடுவில் குத்த வேண்டும். பின்பக்கம் மடித்த பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விரலில் ஏறாது. குத்தும் இடத்தில் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். முடிந்ததும் பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் காது கன்றிப்போகும். வேகவைத்த கோழித் துண்டு ஒன்று உடனே கொடுங்கள், உப்பு மசாலா இல்லாமல். ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுங்கள், அது முக்கியம்.

நாகலூர்_காபி:
நன்றி அக்கா. குத்தும் ஊசி (லான்செட்) 33 கேஜ் வைத்திருக்கிறேன், சரிதானே?

அஸ்தம்பட்டி_அக்கா:
அது ரொம்ப மெலிசு. எண் கூடக் கூட ஊசி மெலிசாகும். மெடிக்கலில் 28 அல்லது 26 கேளுங்கள். காது பழகின பிறகு மெலிசுக்கு மாறலாம்.

ஓமலூர்_வாசகர்:
காதில் குத்தி வதைப்பதற்குப் பதில் சிறுநீர் ஸ்ட்ரிப் போதாதா?

கால்நடை_மாணவி:
போதாது சார். பூனைக்கு ரத்தத்தில் சுமார் 250-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரியும். சுகர் ஆபத்தாக இறங்கினால் அது காட்டவே காட்டாது, இன்சுலின் போடும் வீட்டில் நமக்குப் பயமே அதுதானே.

கருப்பன் விஷயத்துக்கு வருகிறேன். 380, 210 இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பூனை பயந்தாலே சுகர் எகிறும், நோயில்லாத பூனைக்குக்கூட. 20 கொண்டை ஊசி வளைவும் கூடைக்குள் கத்திக்கொண்டு இறங்கினவனுக்கு எகிறாமல் இருக்குமா? அதனால்தான் வீட்டில் பார்ப்பது நல்லது. இன்னொரு பக்கம், மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும், சிவப்பணுக்களுக்குள் இருக்கும் சர்க்கரையின் பங்கு பூனைக்கு வேறு. பூனைக்கென்று ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர் உண்டு, கிடைக்காவிட்டால் அப்பாவுடையதே போதும், ஆனால் மீட்டரை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சிரிஞ்ச் மூடி என்ன நிறம்? கிளார்ஜின் யூ-100, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். சிவப்பு மூடி யூ-40 மருந்துக்கானது. சிவப்பில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

நாகலூர்_காபி:
ஆரஞ்சுதான், இப்போது எடுத்துப் பார்த்துவிட்டேன். அரிசி வைத்தியம் வேலை செய்தது அக்கா! ஆனால் இப்போது ஊசி நேரம், மீட்டர் 128 காட்டுகிறது. போடலாமா?

கால்நடை_மாணவி:
போடாதீர்கள். உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை ஊசி போடாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சுகர் இறங்கிவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, இதில் எது தெரிந்தாலும் ஈறில் தேன் தடவிவிட்டு வண்டி ஏறுங்கள்.

நாகலூர்_காபி:
பேசினேன். இந்த வேளை வேண்டாம், சாப்பாடு மட்டும் கொடுங்கள் என்றார். நன்றாகச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஊசிக்கு முன்பிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 12 மணி நேரம் பார்த்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார், அதை வைத்து அளவை மாற்றுவாராம்.

அஸ்தம்பட்டி_அக்கா:
நல்லது. அன்றைக்கு இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் குத்துங்கள். சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடிவிடுங்கள், மலை ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டால் எண் தப்பாக வரும்.