17 வயது, முழுநேர வேலை, கூடவே படிப்பு: எப்படிச் சமாளிப்பது?

ஷிப்ட்பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 17 வயது, ஒரு கிடங்கில் முழுநேர வேலை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், போக வர தினமும் இரண்டு மணி நேரம். பள்ளி இறுதித் தேர்வைத் தொலைநிலையில் எழுதப் பதிவு செய்திருக்கிறேன், ஐந்து பாடம், ஐந்தையும் ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று நினைப்பு. என் சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டில் மாதம் ஓடும், அதனால் "முதலில் வேலையை விடு" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அது நடக்காது.

ஷிப்ட் ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மதியம் என்று மாறி மாறி வரும். காலை ஷிப்ட் முடிந்து வந்து "கொஞ்ச நேரம்" என்று படுத்தால் எழும்போது இருட்டிவிடுகிறது. மதிய ஷிப்ட் என்றால் வீடு வந்து சேரவே நள்ளிரவு. அப்போது புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொக்கிவிடும். சரி, விடுமுறை நாளில் மொத்தமாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, நாலு நாள் கழித்துப் பார்த்தால் மண்டையில் ஒன்றும் இல்லை. கால அட்டவணை போட்டுப் பார்த்தேன், எதுவும் ஷிப்ட் மாறும் வரைக்கும்தான் தாங்குகிறது. தூக்கத்தை ஐந்து மணி நேரமாகக் குறைத்துவிட்டால் இது முடியுமா? இப்படி வேலையும் படிப்புமாக இருந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

விடியல்வீரன்:

தம்பி, மனசு வைத்தால் எல்லாம் முடியும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருங்கள், உலகமே தூங்கும்போது இரண்டு மணி நேரம் படித்தால் பகலில் நாலு மணி நேரம் படித்ததற்குச் சமம். நான் அப்படித்தான் படித்தேன். அலைபேசியைத் தூக்கி அடுத்த அறையில் வையுங்கள். சாக்கு சொல்லாமல் ஆரம்பியுங்கள், அவ்வளவுதான்.

பழையமாணவி:

மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் மதிய ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வரும் பையனிடம் நாலு மணிக்கு எழச் சொன்னால் அவன் எப்போதுதான் தூங்குவான்? அதோடு பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்தள்ளி ஓடும், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகச் சுரக்கும். பதினேழு வயதில் விடிகாலை எழ முடியாததைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அது ஒத்துவரும், ஒத்துவந்தால் நல்லது, ஒத்துவராவிட்டால் அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஐந்து மணி நேரத் தூக்கம் பற்றி நேராகவே சொல்கிறேன் தம்பி, வேண்டாம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து இரண்டு வாரம் ஆறு மணி நேரமே படுக்க விடப்பட்ட பெரியவர்களின் கவனம், ஓரிரு இரவு தூங்காமலே இருந்தவர்கள் அளவுக்குக் குறைந்துபோனது. இதில் மோசமான விஷயம், அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவே இல்லை, பழகிவிட்டது என்றே நினைத்தார்கள். நீங்கள் வேலை பார்ப்பது சரக்கும் வண்டியும் ஓடும் இடம், அங்கே கண் அசந்தால் போவது மதிப்பெண் மட்டும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். வேலை 48, பயணம் 12, தூக்கம் நாளுக்கு எட்டு என்றால் 56. குளிப்பது, சாப்பிடுவது, வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணி நேரம், அது 21. மிச்சம் 31. அடடா, நிறைய இருக்கிறதே என்று தோன்றும். அந்த 31-இல் பாதி, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும் நேரம், அப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், படிக்க முடியாது. உண்மையில் உங்கள் கையில் இருப்பது வாரம் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம். அதற்குள் ஐந்து பாடம் அடங்காது என்பதுதான் என் கருத்து. பல திறந்தநிலைப் படிப்புகளில் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம், தேறிய பாடம் கணக்கில் அப்படியே இருக்கும். உங்களுடையதிலும் அந்த வசதி உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் இந்தத் தடவை இரண்டு பாடம், மிஞ்சினால் மூன்று. ஒரு வருடம் தள்ளிப்போகும், போகட்டும். ஐந்தையும் எழுதி நாலில் தோற்றாலும் அதே வருடம்தான் போகும், கூடவே படிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

கணக்குவாத்தி:

பாடத்தைக் குறைக்கச் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். நான் பேச வந்தது அந்த "படிக்கும்போது புரிகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை" என்ற இடத்தைப் பற்றி, ஏனென்றால் நேரம் குறைவாக இருப்பவனுக்கு அதுதான் பெரிய ஓட்டை.

நீங்கள் படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பத்தியை மறுபடி படித்தார்கள், இன்னொரு பகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகம் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். உங்கள் விடுமுறை நாள் படிப்பு ஏன் அன்றைக்கு நன்றாக இருந்து அப்புறம் காலை வாருகிறது என்பதற்கு இதுவே விடை.

அதனால் படிக்கும் நேரத்தில் பாதியை மூடிய புத்தகத்தோடு செலவிடுங்கள். நாலு பக்கம் படி, மூடு, ஒரு தாளில் நினைவில் இருப்பதைக் கிறுக்கு, திற, விட்டதைப் பார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஒன்றுமே தெரியாத மாதிரி தோன்றும், தோன்றட்டும். மறுநாள் பஸ்ஸில் அதே கேள்விகளைப் புத்தகம் இல்லாமல் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதைவிட வாரம் முழுக்கச் சிதறிய அரை மணி நேரங்கள் அதிகம் தரும். கணக்கு, அறிவியல் மாதிரி உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டியவற்றை மட்டும் விடுமுறை நாளின் முற்பகலுக்கு வையுங்கள். அன்று பிற்பகலில் புத்தகத்தைத் தொடாதீர்கள், அந்த அரை நாளும் போய்விட்டால் மனிதன் மெஷின் ஆகிவிடுவான்.

பாடத்தைக் குரல்பதிவு செய்து கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பஸ்ஸில் கேளுங்கள், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

சட்டப்புள்ளி:

எல்லோரும் பையன் எப்படிப் படிக்க வேண்டும் என்றே பேசுகிறீர்கள். 17 வயதுப் பையனுக்கு யார் இந்த ஷிப்ட் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லையே?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138-வது உடன்படிக்கை 1973-இல் வந்தது. வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றியது அது, ஆபத்தான வேலைக்கு 18 என்று வரையறுக்கிறது. அதோடு சேர்ந்து வந்த 146-வது பரிந்துரை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேலை நேரத்தைக் கறாராகக் குறைக்க வேண்டும், ஓவர்டைம் கூடாது, படிக்கவும் வீட்டுப்பாடம் செய்யவும் ஓய்வெடுக்கவும் போதிய நேரம் மிஞ்ச வேண்டும், இரவில் தொடர்ந்து 12 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சொல்கிறது. பரிந்துரை என்றால் பரிந்துரைதான், அதை வைத்து நேராக வழக்குப் போட முடியாது, ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு வேறு. ஆனால் பல நாடுகளின் தொழிலாளர் சட்டத்தில் 18-க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி விதி இருக்கிறது, குறிப்பாக இரவு வேலைக்கு. நள்ளிரவில் வீடு திரும்புகிறீர்கள் என்றால் உங்கள் ஊர்த் தொழிலாளர் துறையின் விதியை ஒரு தடவை தேடிப் படியுங்கள்.

சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. விதி தெரிந்து வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்பதற்கும் தெரியாமல் கெஞ்சுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. "எனக்குச் சலுகை வேண்டும்" என்று போகாதீர்கள். "மாறி மாறி வராமல் ஒரே ஷிப்டாகக் கொடுங்கள், காலை ஷிப்டே போதும், தேர்வுத் தேதிகள் இவை, அந்த நாட்களில் மட்டும் விடுப்பு வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். மாறாத ஷிப்ட் ஒன்று கிடைத்தாலே உங்கள் அட்டவணைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். வாரத்துக்கு வாரம் தூங்கும் நேரம் மாறினால் எந்த அட்டவணையும் நிற்காது.

ஷிப்ட்பையன்:

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. பாடங்களைப் பிரித்து எழுத முடியுமா என்று கேட்டேன், முடியுமாம், ஆனால் மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. ஷிப்ட் விஷயத்தை மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னேன், "பார்க்கலாம்" என்றார், நாளைக்கு எழுதியே கொடுக்கப் போகிறேன். 18-க்குக் கீழே இரவு வேலை பற்றிய விதியும் கிடைத்தது, அதைக் கடிதத்தில் போடலாமா, வேண்டாமா? போட்டால் "சரி, உனக்கு வேலையே வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம் எந்த இரண்டு பாடத்தை எடுப்பது, சுலபமானதா, கஷ்டமானதா?

சட்டப்புள்ளி:

பயம் நியாயமானதுதான். முதல் கடிதத்தில் விதியைப் போடாதீர்கள். உங்கள் வயதையும் தேர்வுத் தேதிகளையும் மட்டும் தெளிவாக எழுதுங்கள், வயதைப் பார்த்தாலே மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு மீதி புரியும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், கொடுத்த தேதியை அதில் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அடுத்தது பார்ப்போம்.

கணக்குவாத்தி:

ஒன்று சுலபம், ஒன்று கஷ்டம். இரண்டும் கஷ்டமாக எடுத்தால் நடுவில் சோர்ந்துவிடுவீர்கள், இரண்டும் சுலபமாக எடுத்தால் மலை மொத்தமும் அடுத்த வருடத்துக்கு மிஞ்சும். கணக்கு இருந்தால் அதை இந்தத் தடவையே எடுங்கள், இடைவெளி விட்டால் முதலில் மறப்பது அதுதான். கடைசித் தேதிக்கு முன்னால் படிவத்தை மாற்றிவிட்டு, எந்த அத்தியாயத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள்.